கிழக்குத் தெருவில் கல் விழுந்த நாள்

ஓடுகிறேன். இடுப்பில் குழந்தை. காற்று எதிரே நின்று தள்ளுகிறது. கண்ணுக்குள் மண். பின்னால் கத்துகிறார்கள்.

"வூட்டுக்குள்ள போவாதீங்க! வெளிய ஓடுங்க! ஏரிப் பக்கம் ஓடுங்க!"

அது என் வீட்டுக்காரர் குரல். கோவிந்தன். சுரங்கத்தில் வேட்டு வைக்கும் கூட்டத்தில் ஓர் ஆள். இடுப்பில் சிவப்புக் கொடியைச் செருகியிருக்கிறார். ஒரு காலில்தான் செருப்பு. தெருவின் அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசி வரைக்கும் கதவு கதவாகத் தட்டுகிறார்.

யாருக்கும் புரியவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. மழை வருகிறது. மழை வந்தால் மனிதர்கள் உள்ளே போவார்கள். இவர் வெளியே வா என்கிறார். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் காயப்போட்ட கம்பை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுகிறார்கள். எதிர்வீட்டு மாரியாயி தன் மகள் பூங்கொடியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போகிறாள். கதவைச் சாத்துகிறாள். நான் அதைப் பார்த்தேன். இன்றைக்கும் என் கண்ணுக்குள் அந்தக் கதவு சாத்திக்கொள்கிறது.

சித்திரை மாதம். வியாழக்கிழமை. பிற்பகல். சுரங்கத்துச் சங்கு ஊதவில்லை. காற்றில் எங்கேயோ கம்பி அறுந்து கரண்ட் போயிருந்தது.

என் பெயர் அஞ்சலை. பிறந்த ஊர் குரும்பலூர். வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் வெள்ளாங்காடு. அரியலூர்ப் பக்கம். ஊருக்குக் கிழக்கே நாங்கள் இருந்த தெரு. கிழக்குத் தெரு. அங்கே யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. எல்லோரும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். வரகு அறுத்தவர்கள். மழை பெய்தால் கூலி. பெய்யாவிட்டால் பட்டினி. என் மாமனார் காலம் வரைக்கும் அப்படித்தான்.

எழுபதுகளில் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். காட்டில் வெள்ளைக் கம்பங்கள் நட்டார்கள். மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, சிமெண்டுக்கு ஆகும் என்றார்கள். காட்டுக்காரர்கள் நிலத்தை விற்றுவிட்டு டவுனுக்குப் போனார்கள். எங்களுக்கு விற்க ஒன்றுமில்லை. வேலைக்குப் போனோம். ஆண்கள் துளை போட்டார்கள். வேட்டு வைத்தார்கள். பெண்கள் கல் பொறுக்கி லாரியில் ஏற்றினோம். வாரம் தவறாமல் கூலி. முதன்முதலாகத் தெருவில் சைக்கிள் வந்தது. ரேடியோ வந்தது. பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கல் எங்களுக்குச் சோறு போட்டது.

கல்லை உடைத்தால் உள்ளே சிப்பி இருக்கும். நத்தை இருக்கும். எல்லாம் கல்லாகிப்போனவை. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். பிள்ளைகள் அதைப் பொறுக்கி விளையாடுவார்கள்.

சோற்றில் வெள்ளைத் தூசி. தலைமுடியில் தூசி. குழந்தையின் தொட்டில் துணியில் தூசி. பழகிவிட்டது.

குழி வளர்ந்தது. முதலில் அரை மைல் தள்ளி இருந்தது. பிறகு பனைமரங்கள் வரைக்கும் வந்தது. பிறகு பனைமரங்களைக் காணோம். எண்பதுகள் பிறந்தபோது தெருக்கோடியில் நின்றால் குழிக்குள் ஆள் தலை தெரிந்தது. உங்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டித் தருகிறோம் என்றார்கள். அடுத்த வருஷம் என்றார்கள். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம்தான். அதுவரைக்கும் சங்கு. தினமும் மாலையில் சங்கு ஊதும். நாங்கள் எழுந்து ஏரிக்கரைக்குப் போவோம். வேட்டு வெடிக்கும். திரும்பி வந்து அடுப்பு பற்றவைப்போம். பேறுகாலத்தில்கூட என்னைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் ஏரிக்கரையில் வைத்தார்கள்.

அன்றைக்குக் காலையில் வானம் சுத்தமாக இருந்தது. கிழக்கு முகத்தில், எங்கள் தெருவை ஒட்டிய பாறையில், வரிசையாகத் துளை போட்டு, அந்தக் குழிகளில் வேட்டு மருந்து அடைத்திருந்தார்கள். மின்சாரத்தில் வெடிக்கிற மருந்து. எல்லாக் குழிக்கும் ஒயர் கோத்தாயிற்று. மாலையில் பட்டனை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. சிமெண்டுச் சூளை கல்லுக்காகக் காத்திருக்கிறது, நிறைய அடையுங்கள் என்று மேலிருந்து சொல்லியிருந்தார்களாம். வழக்கத்தைவிட நிறைய.

மேகம் மேற்கிலிருந்து வந்தது. சித்திரை மழை சொல்லிக்கொண்டு வராது. மருந்து அடைத்த குழிக்குப் பக்கத்தில் மின்னல் விழுந்தால் பட்டனை யாரும் அமுக்க வேண்டாம், தானே வெடிக்கும். அது சுரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முதல் இடி குமுறியதுமே ஆட்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேற்குப் பக்கமாக ஏறி ஓடினார்கள். கோவிந்தன் மட்டும் கிழக்கே ஓடி வந்தார். தெருவுக்கு.

ஏரி வறண்டு கிடந்தது. கரையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினேன். ஏற்கெனவே கொஞ்சம் பேர் வந்து படுத்திருந்தார்கள். குழந்தை செல்விக்கு அப்போது எட்டு மாதம். அவளை மடியில் போட்டுக் குனிந்துகொண்டேன். அவர் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அவர் திரும்பித் தெருவுக்குள் போய்க்கொண்டிருந்தார்.

கூப்பிட்டேன்.

"ஏங்க! வந்துடுங்க!"

அவருக்குக் கேட்டது. கையைத் தூக்கிக் காட்டினார். இதோ வருகிறேன் என்பதுபோல. போய்விட்டார்.

எங்கள் அடுத்த வீட்டில் சவரிமுத்து அண்ணன். வரதராசன்பேட்டைப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம். பன்னிரண்டு வருஷம் துளை போடும் மிஷின் பிடித்தவர். தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. நான்கு அடி நடந்தால் மூச்சு வாங்கும். கடைசி ஒரு வருஷம் எழுந்திருக்கவே இல்லை. அவர் மனைவி ரோசலி அக்கா. பிள்ளைகள் இல்லை. தினமும் சங்கு ஊதும்போது அக்காவும் இன்னும் மூன்று பேரும் அவரைக் கட்டிலோடு தூக்குவார்கள். அன்றைக்கு அந்த மூன்று பேரும் ஓடிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவரவர் கையில் அவரவர் பிள்ளை.

அக்கா போகவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்களுக்காகத்தான் கோவிந்தன் திரும்பிப் போனார்.

முதலில் வெளிச்சம். வானம் முழுக்க வெள்ளை. பிறகு காலுக்கடியில் வந்தது. காதில் இல்லை. கால் வழியாக முழங்காலுக்கு. முழங்காலிலிருந்து வயிற்றுக்கு. அதன் பிறகுதான் சத்தம். இடியும் வேட்டும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. எது எது என்று பிரிக்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. காற்றுகூட நின்றது.

பிறகு கல் விழுந்தது.

ஓட்டில் விழுந்த கல் சளாரென்று உடைத்துக்கொண்டு போனது. மண்ணில் விழுந்த கல் தொம்மென்று புதைந்தது. பனையோலைக் கூரையில் விழுந்த கல்லுக்குச் சத்தமே இல்லை. எங்கள் தலைக்கு மேலே விசிலடித்துக்கொண்டு சில போயின. ஏரிக்குள் விழுந்தன. ஒரு கல் என் கையெட்டும் தூரத்தில் விழுந்தது. ஆட்டுக்கல் அளவு. தொட்டேன். சுட்டது.

செல்வி வாயைத் திறந்திருந்தாள். அழுகிறாள் என்று தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. என் காதில் ஒரே இரைச்சல். பக்கத்தில் படுத்திருந்தவர்களின் வாய் அசைந்தது. ஒருவர் பேச்சும் கேட்கவில்லை.

மழை இறங்கியது. பெரிய பெரிய துளிகள். காற்றில் நின்ற தூசியெல்லாம் மழையோடு இறங்கியது. வெள்ளைச் சேறு. ஆள், ஆடு, வேப்பமரம், விழுந்த ஓடு, எல்லாம் ஒரே நிறம். தெருவுக்குள் போனேன். எது என் வீடு என்று தெரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாம் ஒரே முகம்.

ஏரிப் பக்கத் தெருமுனையில் இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தார்கள். கீழே கிடந்தவரின் இடுப்பில் ஏதோ துணி. மழை கழுவக் கழுவ அது சிவப்பாகத் தெரிந்தது. கொடி. இன்னும் இருபது அடி வந்திருந்தால் ஏரிக்கரை.

ரோசலி அக்கா அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. என்னைப் பார்த்தாள்.

மாரியாயி வீட்டுக் கதவு அப்படியே நின்றது. சாத்தியபடி. கதவுக்குப் பின்னால் வீடு இல்லை.

அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி லாரியில் கொண்டுபோனார்கள். நாங்கள் கல் ஏற்றுகிற லாரி. அடிபட்டவர்கள் இந்தப் பக்கம். இறந்தவர்கள் அந்தப் பக்கம். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

விசாரணைக்குத் திருச்சியிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டார்கள். பட்டனை அமுக்கியது யார் என்று கேட்டார்கள். யாரும் அமுக்கவில்லை. சங்கு ஏன் ஊதவில்லை. கரண்ட் இல்லை. கரண்ட் ஏன் இல்லை. காற்று. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. இது இடியால் நடந்த விபத்து, மனிதர் யாரும் காரணமில்லை என்று ஒருவர் நிதானமாகச் சொன்னார். நல்ல மனிதர்தான். எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னவர் அவர்தான்.

ரோசலி அக்கா எழுந்தாள். அதுவரைக்கும் நான்கு பேர் நடுவில் பேசி அறியாதவள்.

"சார், இடி வந்து குழி போட்டுச்சுங்களா? இடி வந்து மருந்து அடைச்சுச்சுங்களா? எங்க வூட்டுப் பக்கத்துலதான் அடைக்கணும்னு இடி சொல்லிச்சுங்களா?"

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். அக்கா நின்று பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். காகிதத்தில் இடி என்றுதான் எழுதினார்கள்.

அவள் கேட்டது சரி. ஆனாலும் எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். அவள் புருஷன் எப்படியும் சாகக் கிடந்தவர். என் புருஷனுக்கு வயது இருபத்தாறு. இரவும் பகலும் இந்தக் கணக்கு எனக்குள் ஓடியது. கொட்டகை போட்டு எங்களைத் தங்கவைத்திருந்தார்கள். அவள் ஒரு மூலை. நான் ஒரு மூலை. செல்வி அழுதால் அவள் எழுந்து வருவாள். நான் குழந்தையைத் திருப்பிக்கொள்வேன். அவள் போய்விடுவாள். மறுபடியும் அழுதால் மறுபடியும் வருவாள்.

ஆனியில் எனக்குக் காய்ச்சல் கண்டது. பால் வற்றிப்போனது. கண் விழித்துப் பார்க்கும்போதெல்லாம் செல்வி அவள் தோளில் இருந்தாள். காய்ச்சல் இறங்கிய ஒரு காலையில் அவளாகவே பேசினாள்.

"கோவிந்தன் என்ன சொன்னுச்சுன்னு உனக்குத் தெரியணும் புள்ள."

சொன்னாள். சவரிமுத்து அண்ணன், என்னை விட்டுட்டுப் போடா தம்பி என்றிருக்கிறார். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. குனிந்து முதுகில் ஏற்றிக்கொண்டார். ஏற்றிக்கொண்டு, என்னண்ணே காத்து மாதிரி இருக்கீங்க என்றாராம். அண்ணன் சிரித்தாராம். ஒரு வருஷமாகச் சிரிக்காத மனுஷன். நீங்க முன்னால ஓடுங்கக்கா, நாங்க பின்னாலயே வரோம் என்று இவர் சொல்ல, அவள் முன்னால் ஓடியிருக்கிறாள். பின்னால் இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்களாம். என்ன பேசினார்கள் என்று காற்றில் கேட்கவில்லை.

"திட்டணும்னா என்னத் திட்டு. பேசாம இருக்காத."

நான் திட்டவில்லை. செல்வியைக் கையில் வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பி அவளிடமே கொடுத்தேன்.

அடுத்த வருஷம் என்று சொல்லிக்கொண்டிருந்த வீடுகளை நான்கு மாதத்தில் கட்டினார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம். சிமெண்டு வீடுகள். எங்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று கிடைத்தது. அவள் வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. அவள் என்னோடுதான் இருக்கிறாள். நான் மறுபடியும் கல் ஏற்றப் போகிறேன். அதே குழி. வேறு வேலை கிடையாது. செல்வியை அவள்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள்.

காலனியில் புதிதாகக் குடிவந்தவர்கள் எங்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். காரணம் உண்டு. இடி இடித்தால் அவர்கள் உள்ளே ஓடுகிறார்கள். கிழக்குத் தெருக்காரர்கள் வெளியே வருகிறோம். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கதவு கதவாகத் திறக்கும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் வந்து நிற்போம். மின்னல் வெட்டும்போது ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். இடியில் வெளியே நிற்பது ஆபத்து என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்து சொன்னார். தெரியும் சார் என்றோம். அடுத்த இடிக்கும் வெளியே வந்தோம். என் கால் என் பேச்சைக் கேட்பதில்லை.

போன வருஷம் குழி தெருவை எடுத்துக்கொண்டது. நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எங்கள் தெருவுக்கு அடியிலும் நல்ல கல் இருந்ததாம். என் வீடு நின்ற இடத்துக் கல்லை நானே லாரியில் ஏற்றியிருப்பேன். எது என்று தெரியாது.

இவ்வளவும் போனது.

கோவிந்தன், இருபத்தாறு வயது, என் புருஷன். சவரிமுத்து, நாற்பத்தொரு வயது, ரோசலியின் புருஷன். மாரியாயி. அவள் மகள் பூங்கொடி, ஆறு வயது. நான்கு பேர்.

வடக்கு வீட்டுத் தங்கராசுவின் வலது கால். எனக்கு இடது காது.

ஆடுகள் ஒன்பது. கன்றுக்குட்டி ஒன்று. கல் விழுந்து இடிந்த வீடுகள் பதினான்கு. பிறகு குழிக்குள் போனவை மீதி எல்லாம்.

ஒரு வேப்பமரம். ஒரு அடிபம்பு. ரோசலி அக்கா ஜெபம் சொன்ன ஒரு மாதா கெபி. ஒரு தெரு. ரேஷன் கார்டிலும் அந்தத் தெருவின் பெயரை அடித்துவிட்டார்கள்.