எறக்குன சூட்டோட

ஆமாங்க டாக்டர், தொடையில கொப்புளந்தான். அதைக் காட்ட நான் வர்லீங்க. இந்தப் பாரத்துல ஒரு கையெழுத்து, ஓடறதுக்கு ஒடம்பு சரியா இருக்குதுன்னு. அவ்வளவுதான். நாளைக்குக் காலைல பாலக்காட்டுல எண்ணூறு மீட்டர் செலக்‌ஷன். ஜெயிச்சா திருச்சூர்ல காலேஜ் சீட்டு, ஹாஸ்டலோட. தோத்தா இந்தக் கொல்லங்கோட்டுலயே நெல்லு அவிச்சுட்டு இருக்கோணும்.

வலிக்குதாவா? நீங்க அழுத்துனா வலிக்காம என்னங்க பண்ணும்?

இல்லீங்க, ஓடி வந்த கொப்புளமில்ல. ஓடுனதுக்கு வெறும் தொடைப் பிடிப்புதான். போன வாரம் பூரா வாய்க்கா மேட்டுல ஏறி ஏறி ஓடுனனுங்க. கக்கூஸ்ல உக்காந்தா எந்திரிக்க முடியல. ரெண்டு நாள் கழிச்சு வெதுவெதுன்னு ஒத்தடம் குடு, பத்து நிமிசம் போதும்னாங்க எங்க பி.டி. டீச்சர், சிசிலி டீச்சர். அதை ஊட்டுல வந்து சொன்னேன் பாருங்க, அதான் தப்பு. ஊரே டாக்டராயிருச்சு. கோவிச்சுக்காதீங்க. பெரியம்மா உப்பை வறுத்து மூட்டை கட்டிட்டு வந்துச்சு. பக்கத்தூட்டு கமலாத்தாக்கா புளியந்தழை வேக வெச்ச தண்ணிய ஊத்துச்சு, ரெண்டு நாளா எம்மேல ரச வாசம். எங்கப்பா இஸ்திரிப் பெட்டிய எடுத்துட்டு வந்துட்டாரு. அவருக்குச் சட்டையும் ஒண்ணு, பொண்ணும் ஒண்ணு.

கடைசியாத்தான் எங்கம்மா. நெல்லு அவிச்சுக் குடுக்கறதுதானுங்க எங்க தொழிலு. அண்டாவ எறக்க ரெண்டாளு வேணும். அப்பாவுக்கு இடுப்பு ஆகாது, அதனால ரெண்டாவது ஆளு நானு. நேத்து எறக்குன சூட்டோட நெல்ல அள்ளி, சின்னச் சாக்குல கட்டி, தொடை மேல வெச்சுது. சுடுதும்மான்னேன். பொறுத்துக்கோ கண்ணு, சூடு ஏறுனாத்தான் வலி எறங்கும்னுச்சு. பொறுத்துக்கிட்டேன். பொறுக்கறதுலதான் நமக்குப் பரிசெல்லாம்.

நல்லாக் கேட்டீங்க. எவ்வளவு சூடுன்னு அம்மாவுக்குத் தெரியாம என்னங்க? இருபது வருசமா ஆவியப் பாத்தே பதம் சொல்ற ஆளு. கன்னுக்குட்டிக்குக் கஞ்சித்தண்ணி வெச்சாக்கூடப் புறங்கையில ஊத்திப் பாத்துட்டுத்தான் வெக்கும்.

கையெழுத்து அங்கீங்க, கோட்டுக்கு மேல. பேரு பிரதீபா. கட்டு கொஞ்சம் இறுக்கமாவே போடுங்க, ஓடறப்போ நழுவக் கூடாது.

அம்மாவா? வெளிய பெஞ்சுல உக்காந்திருக்குது. கொப்புளத்தப் பாத்ததுல இருந்து அழுதுட்டேதான் இருக்குது, அதுவும் நெசந்தானுங்க. நேத்து அந்தச் சாக்கத் தூக்கிட்டு வந்தப்போ ரெண்டு கையிலயும் ஈரத்துண்டு சுத்தியிருந்துச்சு. நான் பாத்தேன்.

கூப்பிடறீங்களா? கூப்பிடுங்க. மருந்து எப்படிப் போடறதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க. எனக்குத் தெரியும்னு சொல்லீராதீங்க. நாளைக்கு கிரவுண்டுக்கு அதுதான் கூட வருது.