கள்ளிக்குத் தண்ணீர்

பல்லாவரம் தாண்டி சிக்னலுக்காக நின்ற மின்சார ரயில் நகர்வதாகவே இல்லை. மின்விசிறியும் நின்றுபோயிருந்தது. பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே டிபன் பையை மடியில் வைத்திருந்தவள், பக்கத்தில் இருந்த மூத்தவளிடம் சொன்னாள்:

“கள்ளிச் செடிக்கு தினமும் தண்ணி ஊத்தறேன்க்கா.”

“ஐயோ, அழுகிப் போயிடுமே!”

“போகட்டும். நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப எங்க வீட்டுக்காரர் மல்லியெல்லாம் புடுங்கிட்டு, கள்ளி, கத்தாழைன்னு நட்டு, சுத்தி ஜல்லி கொட்டி வெச்சிருக்கார். இனிமே தண்ணியே ஊத்த வேணாமாம்.”

“நல்லதுதானே? லாரித் தண்ணிக்கு குடத்தோட நிக்கறது நீதானே?”

“நான்தான். ஆனா சாயங்காலம் செடிக்கு ஊத்தற அந்த அரைமணி மட்டும்தான் வீட்டுல யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. மாமியார்கூட, ‘அவ செடிகிட்ட இருக்கா’ன்னு விட்டுடுவாங்க. அதுக்காகவே அரிசி களைஞ்ச தண்ணிய சேத்து வெப்பேன்.”

மூத்தவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். சிக்னல் இன்னும் சிவப்புதான்.

“அவருக்குத் தெரியுமா?”

“ரெண்டு செடி அழுகிடுச்சு. நம்ம ஊர் வெயில் கள்ளிக்கே ஒத்துக்கலன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகிட்டிருக்கார்.”