பூங்கொடி பெயர் தாங்கிய பிசின்கட்டி

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை.

என் குறை இது: இறந்துபோன மனைவியின் உடல்துண்டைத் திருப்பிக் கேட்டு வந்தவனை ஆய்வகத்துக்காரன் ஒருவன் ஏமாற்றினான், அதைச் சொன்னால் இந்த ஊர் சிரிக்கிறது. நேற்றிரவு மின்சாரம் போனபோது, கணப்பைச் சுற்றி முடங்கியிருந்த ஏழு பேரிடம் சொன்னேன். "ஸார், பேய் வெள்ளைச் சேலையா கட்டியிருந்துச்சு?" என்று கேட்டான் பொன்னுவேல். இவனுக்கு மூன்றாண்டுகள் பாடம் நடத்தினேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

உங்களுக்கும் சொல்கிறேன்.

விடியற்காலை ஐந்தரை மணி. அட்டுவம்பட்டிச் சாலை... ஆள் அரவம் இல்லை. மூடுபனியில் சேனாதிபதி நடந்துகொண்டிருந்தான். என் நண்பர் ஞானவேலின் மனைவிக்குத் தம்பி. அங்குள்ள தனியார் ஆய்வகத்தில், நோயாளிகளின் உடலிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளைப் பிளாஸ்டிக் பிசினில் பதிப்பது அவன் வேலை. துண்டிலுள்ள நீரை ஆல்கஹாலால் படிப்படியாக நீக்க வேண்டும். பிறகு சிறிய அச்சில் வைத்து, பென்சிலால் பெயரெழுதிய சீட்டையும் உள்ளே இட்டு, பிசினை ஊற்றி, ஓவனில் இரவு முழுவதும் வைத்தால் கண்ணாடிபோல் இறுகிவிடும். அதை முடியினும் மெல்லியதாகச் சீவி, நீலச்சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பொறுமை வேண்டிய வேலை. இவனுக்கு அது கிடையாது. பூங்கொடி என்ற பெண்ணின் துண்டில் நீர் போகுமுன்பே பிசினை ஊற்றினான். கட்டி இறுகாமல் கூழாகக் கிடந்தது. குப்பையில் எறிந்தான்.

அவள் இறந்தபின், கணவன் முருகேசன் மலையடிக் காட்டிலிருந்து ஏறி வந்தான்.

"அந்தத் துண்டக் குடுங்க சாமி. போறப்ப முழுசாத்தான் போவேன்னு சொல்லிட்டுச் செத்தா. அவ சமாதித் தலமாட்டுல குழி தோண்டி வச்சிருக்கேன்."

"ஏலே, அரிசித்தண்டி சதைக்கா இம்புட்டுத் தூரம் வந்த? நாளைக்கு வெள்ளனே வா."

அவன் போனதும் சேனாதிபதி தன் சோற்று டப்பாவைத் திறந்தான். ஆட்டுக்கறியில் அரிசியளவு கிள்ளி, மசாலாவைக் கழுவி, பூங்கொடியின் பெயர்ச்சீட்டோடு பிசினில் பதித்தான். இந்த ஒருமுறைதான் நீரை ஒழுங்காக நீக்கினான்! மறுநாள் முருகேசன் அதை இரு கைகளாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்ப் புதைத்தான்.

நான் சொன்ன ஐந்தரை மணி, அதற்கு மூன்றாம் நாள் வந்தது. பின்னால் வெறுங்கால் நடை... சத்... சத்... இவன் நின்றால் அதுவும் நின்றது. ஆய்வகத்தைத் திறந்தான். பிசின் நெடியோடு ஈரமண் வாசனை. ஓவனில் முதல்நாள் வைத்தவை பதினொரு கட்டிகள். இப்போது இருந்தவை பன்னிரண்டு.

பன்னிரண்டாவதில் செம்மண் ஒட்டியிருந்தது. உள்ளே சீட்டு: பூங்கொடி. இவனுடைய கையெழுத்து. கறி இல்லை. அது இருந்த இடத்தில் அரிசியளவு வெற்றிடம்... வெளியில் வெட்டோ கீறலோ இல்லை.

பள்ளத்தில் வீசியெறிந்தான். மறுநாள் காலை அது ஓவனில் கிடந்தது. இப்போது உள்ளே ஏதோ இருந்தது. சீவினான். சாயம் ஏற்றினான். பார்த்தான். மனிதத் தோல்... விரல்நுனி ரேகை, வரிவரியாக.

நுண்ணோக்கியின் திருகைப் பிடித்திருந்த தன் இடக்கையை அப்போதுதான் கவனித்தான். சுண்டுவிரல் நுனியில் அரிசியளவு பள்ளம். இரத்தம் இல்லை.

"வலிக்கல மாமா... அதான் பயமா இருக்கு," என்றான் ஞானவேலிடம்.

அன்றிலிருந்து நாளுக்கொரு கட்டி, நாளுக்கொரு பள்ளம். பிசின் அரித்துவிட்டது என்கிறார் ஆய்வக முதலாளி. அரிக்கும் பிசின் அரிசியரிசியாக அளந்தா அரிக்கும்? முருகேசனிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேள் என்றேன்.

"அவன்கிட்டயா? நானா?" என்றான் சேனாதிபதி.

மூன்று விரல்களின் நுனி போயிற்று, கொழுப்புப் போகவில்லை. முருகேசனோ எதுவும் அறியாமல் அந்தத் தலைமாட்டில் விளக்கேற்றி வருகிறான்.

சிரிக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டாரிடமிருந்து வெட்டியெடுத்த துண்டு இப்போது எங்கே இருக்கிறது? நாளைக்கே போய்க் கேளுங்கள். கொடுத்தால், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொடுப்பவனின் விரல்களையும் பாருங்கள்.