மடிப்பக்காவின் மணிக்கட்டில் விழுந்த மை

வெந்நீர் ஆவியிலும் வாடாத முகத்தவரே! விளிம்போடு விளிம்பு சேர்த்து வெண்மையைக் காத்த விரலுக்கு உரியவரே! அழுக்காய் வந்ததை அழகாய் அனுப்பியவரே! மாடி வார்டுகளில் படுத்திருந்தோர் முகம் அறியாமலே அவர்கள் முதுகுக்கு இதம் தந்த எங்கள் அன்பு மடிப்பக்கா அவர்களே!

ஓய்வு பெறும் இந்நன்னாளில், மருத்துவமனைச் சலவைக்கூடத்துப் பணியாளர் அனைவரும் ஒன்றாய் நின்று, உள்ளத்தில் உள்ளதை ஒளிக்காமல் சொல்லி, உரக்க வாசித்து அளிக்கும் மடல் இது.

இதில் ஒரு வரியும் உங்களைக் கேட்காமல் எழுதப்படவில்லை. முதல் தடவை படித்துக் காட்டியபோது, "எழுதுங்க, எல்லாத்தையும் எழுதுங்க. ஒளிச்சு ஒளிச்சு அலுத்துப்போச்சு" என்று சிரித்தீர்கள். இன்னொரு நாள் படித்தபோது முகத்தைச் சுளித்து, "இப்படி எழுதச் சொல்லி யாரு தூண்டிவிட்டது? உங்களுக்கு இதுல என்ன ஆதாயம்?" என்றீர்கள். பிறகும் பலமுறை படித்தோம். உங்களுக்குள் யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்று நீங்களே சொன்ன பிறகுதான் இதை எடுத்துக்கொண்டு மேடை ஏறியிருக்கிறோம். ஒரே ஆள் வாயிலிருந்து இத்தனை விதமான பதில் எப்படி வரும் என்று விழிக்கும் விருந்தினர்களுக்காகக் கதையை முதலிலிருந்து சொல்கிறோம். வழக்கமாக இவ்விடத்தில் விடைபெறுபவரின் குணங்களை வரிசையாகப் பாடுவார்கள். நாங்கள் வேறொருவருடைய சந்தேகத்தைப் பாடப்போகிறோம். உங்கள் பெருமை அதற்குள்தான் இருக்கிறது.

எங்கள் மேற்பார்வையாளருக்குச் 'சல்லடை' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்று அவர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். சோப்புத்தூள் மூட்டையைக் கொடுத்த ஆள் வாசலைத் தாண்டியதும் தூக்கி எடை பார்ப்பார். காலையில் வணக்கம் வைத்தால், "என்ன விஷயம்?" என்று கேட்பார். கடிகாரம் சரியாக ஓடினால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்பார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர் இந்தக் கூடத்துக்கு வந்த புதிதில் அவர் கண்ணில் பட்டீர்கள் நீங்கள்.

ஒரு நாள் பாடிக்கொண்டே போர்வைகளை மடித்தீர்கள். அவரைத் 'தம்பி' என்றீர்கள். தேநீரில் சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டீர்கள். மறுநாள் பாட்டைக் காணோம். அதே போர்வையை வேறு விதமாக, நூல் பிசகாமல் மடித்தீர்கள். அவரை 'சார்' என்றீர்கள். சர்க்கரை போட்ட தேநீரை வாயில் வைத்துவிட்டு அப்படியே கீழே வைத்தீர்கள். முதல் நாள் அவரிடம் ஒத்துக்கொண்ட வேலையைப் பற்றிக் கேட்டால், "எங்கிட்ட யாரும் சொல்லலையே சார்" என்றீர்கள்.

சல்லடைக்கு மூக்கில் வேர்த்தது. பொய் என்றால் அதில் ஏதாவது லாபம் இருக்க வேண்டும். இதில் என்ன லாபம்? துணி அலமாரி மறைவில் நின்று இரண்டு வாரம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார். பார்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். உச்சி குளிர்ந்துபோய், அந்த முடிவோடு நேரே மேலாளர் அறைக்குப் போனார்.

"சார், இது ஆள் மாறாட்டம். ரெட்டைப் பிறவிங்க. ஒரே வேலைக்கு அக்காவும் தங்கச்சியும் மாத்தி மாத்தி வந்து நம்ம காதுல பூ சுத்துறாங்க."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிரூபிச்சுக் காட்டுங்க. உண்மைன்னா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சு அனுப்பிடறேன்."

உங்கள் வாடகையும் மருந்தும் இந்த வேலையை நம்பித்தான் இருந்தன என்பது அப்போது அந்த அறையில் இருந்த இருவருக்கும் தெரியாது. சல்லடைக்குத் தெரிந்திருந்தாலும் அதையும் ஒரு துப்பாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

இங்கே துணிகளில் வார்டு குறியிட ஒரு கறுப்பு மை வைத்திருக்கிறோம். கொதிநீரில் போட்டுப் புரட்டினாலும் போகாத மை. தோலில் பட்டால் நாள்கணக்கில் நிற்கும். துணிக்குக் குறி வைப்பதுபோல ஆளுக்கும் குறி வைத்தால் என்ன என்ற யோசனை உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரருக்கும் வந்திருக்காது. எங்கள் சல்லடைக்கு வந்தது. நீங்கள் பாடிக்கொண்டிருந்த ஒரு நாளில், தற்செயலாகக் கை தட்டியதுபோல, உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விழச் செய்தார். "பரவாயில்ல தம்பி, போற மையா இது?" என்று நீங்கள் சிரித்தீர்கள். அவரும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். தங்கச்சி வரட்டும், வெறும் மணிக்கட்டோடு கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

மறுநாள் பாட்டில்லாமல் வந்தீர்கள். 'சார்' என்றீர்கள். மேலாளரைக் கையோடு கூட்டிவந்து மடிப்பு மேசைக்கு முன்னால் நிறுத்தி, "கையைக் காட்டுங்க" என்றார் சல்லடை. காட்டினீர்கள். மணிக்கட்டில் மை இருந்தது.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அவரைவிட அதிகமாக அதிர்ந்தவர் நீங்கள். அந்தப் புள்ளியைத் தேய்த்தீர்கள். மறுபடி தேய்த்தீர்கள்.

"இது எப்ப வந்துச்சு சார்?"

"நேத்து நான்தானே கொட்டினேன். நீங்ககூட சிரிச்சீங்களே!"

"நேத்து…" என்று நிறுத்தினீர்கள். "நேத்து நான் வேலைக்கு வந்தேனா?"

அந்தக் கேள்வியில் இருந்த பயத்தைச் சல்லடை தன் காதால் கேட்டார். கேட்டும் நம்பவில்லை. ஒரு சந்தேகம் உடைந்தால் அடுத்ததைத் தயாராக வைத்திருப்பவர் அல்லவா! "நடிப்பு சார், சுத்த நடிப்பு" என்றார். மேலாளருக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. அதே மருத்துவமனையின் மனநல மருத்துவரம்மாவிடம் உங்களை அனுப்பினார். நீங்கள் அவரிடம் முன்பே சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள் என்பதும், வேலை போய்விடும் என்று பயந்து யாரிடமும் மூச்சு விடவில்லை என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது.

உங்கள் பக்கத்தில் அமர்ந்து, உங்கள் அனுமதியோடு மேலாளரிடமும் சல்லடையிடமும் மருத்துவரம்மா பேசினார். "அவங்க சொல்லலாம்னு சொன்னதை மட்டும்தான் சொல்வேன். ரொம்பச் சின்ன வயசுல, தாங்கவே முடியாத கொடுமை திரும்பத் திரும்ப நடந்தா, ஒண்ணாச் சேர்ந்து வளர வேண்டிய மனசு சேராமலே தனித்தனியா நின்னுடலாம். ஒருத்தர் முன்னால நிக்கிறப்போ நடந்தது இன்னொருத்தருக்குத் தெரியாமப் போகும். வெளியிலேர்ந்து யாரும் வந்து குடியேறல. பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நடிப்பும் இல்ல."

"அப்போ மாறுறது எப்படித் தெரியும்?" என்றார் சல்லடை. அவருக்குத் தடயம்தானே முக்கியம்.

"சினிமால காட்டுற மாதிரி இருக்காது. கை ஒரு நிமிஷம் நிக்கலாம். கண்ணு எங்கயோ போய்த் திரும்பலாம். தலை வலிக்கலாம். அதட்டல், சத்தம், ஒரு வாசனை, களைப்பு, எது வேணா காரணமா இருக்கலாம். சில நேரம் காரணமே தெரியாது. முக்கால்வாசிப் பேர் மத்தவங்களுக்குத் தெரியாம மறைக்கத்தான் பாடுபடுவாங்க."

"இதுல அசல் ஆளு யாரு?"

"எல்லாமே இவங்கதான். ஒருத்தரை வெச்சுக்கிட்டு மத்தவங்களை விரட்டலாம்னு நினைக்காதீங்க."

"கத்தி கித்தி எடுத்துட்டா?"

"இத்தனை நாள்ல எடுத்தாங்களா?"

"இல்ல."

"நீங்கதான் மை எடுத்திருக்கீங்க" என்றார் மருத்துவரம்மா. சல்லடை வெளியே வந்ததும், "படிச்சவங்களையே நம்ப வெச்சுட்டாங்க பாருங்க" என்று மேலாளரிடம் முணுமுணுத்தார்.

மேலாளர் உங்களையே கேட்டார், இங்கே எப்படி வேலை செய்யப்போகிறீர்கள் என்று. அன்று நீங்கள் சொன்ன பதிலை இந்தச் சபை கேட்க வேண்டும். எங்கள் கூடத்தில் ஷிப்ட் மாறும்போது, போகிறவர் வருகிறவரிடம் நேரில் நின்று வாய்விட்டு ஒப்படைத்துவிட்டுத்தான் நகர வேண்டும்: எந்தச் சலவை இயந்திரத்து டிரம்மில் என்ன கிடக்கிறது, எது பாதியில் நிற்கிறது, எதில் கவனம் வேண்டும். வருகிறவரிடம், 'நீ இல்லாதபோது நடந்தது உனக்கு ஏன் தெரியவில்லை' என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. அதைத்தான் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஷிப்ட் மாறி வர்றவங்களுக்குச் சொல்ற மாதிரி எனக்கும் சொல்லிடுங்க சார். நான் யாருன்னு கேக்க வேண்டாம். வேலையைச் சொன்னா செஞ்சுடுவேன். துணி தேய்க்கிற சூட்டு ரோலர் பக்கம் மட்டும் என்னைப் போட வேண்டாம்."

மேலாளர் சரி என்றார். ஒப்படைக்கும் பொறுப்பு சல்லடை தலையில் விழுந்தது. அவர் சும்மா இருப்பாரா? சோதித்துப் பார்க்க ஒரு நாள் ஒப்படைப்பில் ஒரு பொய்யைக் கலந்தார். நீங்கள் கையை நிறுத்தி, நெற்றியைத் தேய்த்து, சுற்றுமுற்றும் பார்த்த நேரத்தில் அருகே வந்து, குழந்தை வார்டுத் துணி முடிந்துவிட்டது என்றார். நடிப்பாக இருந்தால் பொய் என்று உடனே முகத்தில் தெரியும் என்பது அவர் கணக்கு. நீங்கள் அப்படியே நம்பித் தலையாட்டினீர்கள். மாலையில் அந்தத் துணி டிரம்மில் ஈரமாகக் கிடப்பதைக் கண்டு அவரிடம் வந்தீர்கள். கோபப்படவில்லை.

"முடிஞ்சதுன்னு சொன்னீங்களே சார். மத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கு. எனக்கு நீங்க சொல்றது மட்டுந்தான் இருக்கு. அதுலயும் பொய் இருந்தா நான் எதைப் பிடிச்சு நிக்கிறது?"

சல்லடை அன்று இரவு சாப்பிடவில்லை என்று அவர் மனைவி பிறகு எங்களிடம் சொன்னார். அந்த நாளுக்குப் பிறகு அவர் உங்களிடம் ஒப்படைத்ததில் ஒரு தலையணை உறைகூடப் பிசகவில்லை.

அதற்காக அவர் திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். சந்தேகம் அப்படியே இருந்தது; திசைதான் மாறியது. உங்களை விட்டுவிட்டு, உங்களைக் கலைக்கக்கூடியவற்றைச் சந்தேகப்பட ஆரம்பித்தார். படீரென்று சாத்தும் கதவைச் சந்தேகப்பட்டு அதற்கு ரப்பர் வைத்தார். புதிதாக வந்த சோப்பின் வாசனையைச் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பினார். உங்களுக்குப் பின்னால் வந்து தோளைத் தொடுகிற ஒவ்வொருவரையும் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். யாராவது விளையாட்டாக, "இன்னிக்கு எந்த அக்கா?" என்று கேட்டுவிட்டால், அவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

ஒருமுறை துணி ஏற்றும் ஒப்பந்தக்காரர் வாசலில் நின்று காட்டுக்கத்தல் கத்தினார். சத்தம் ஓய்ந்து பார்த்தால் மடிப்பு மேசையில் உங்களைக் காணவில்லை. டிராலிக்குப் பின்னால் போர்வைக் குவியலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஓடிவந்த எங்களைச் சல்லடை கையமர்த்தி நிறுத்தினார். தாம் மட்டும் போய், எட்டத்தில், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது சலவைக்கூடம்மா. கதவு தொறந்துதான் இருக்கு. கத்துன ஆளு போயிட்டான். இங்க யாரும் உன்னைத் தொட மாட்டாங்க."

வெகுநேரம் கழித்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "நீங்க யாரு மாமா?"

எங்களை எல்லாம் நாள் முழுக்க யார், எவர் என்று குடைந்தவர் அந்தக் கேள்விக்குத் திணறினார். "துணி காயுதான்னு பாக்குறவன்" என்றார். மேசையில் நாங்கள் கடைசிப் போர்வையை மடித்து முடிக்கும்வரை, இடையில் யாரையும் வரவிடாமல் காவல் இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நீங்கள் எழுந்து, "என்ன தம்பி வாளியில உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டபோதுதான் அவரும் எழுந்தார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம், அழுவதை அவர் பார்த்தால் அதற்கும் விசாரணை வைப்பாரே என்று.

ஆகவே, பொறுமையின் பொருளே! நினைவு கைவிட்ட பொழுதும் நேர்மை கைவிடாதவரே! ஓர் ஆயுளை ஒருவராய் வாழ்வதற்கே நாங்கள் தடுமாறும்போது, பலராய்ப் பிரிந்து நின்றும் ஒரு வேலையைப் பழுதின்றி முடித்தவரே! உங்களைப் போற்றுகிறோம்.

நீங்கள் போவது எங்களுக்கு வருத்தம், சல்லடைக்குப் பயம். நீங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரைச் சந்தேகப்படுகிறார், எதிர்வீட்டைச் சந்தேகப்படுகிறார். "இனிமே அவங்களுக்கு யாரு ஒப்படைப்பு சொல்லுவா?" என்று போன வாரம் உங்களிடமே கேட்டுவிட்டார். "சிகிச்சையில பழகிட்டு வர்றோம் தம்பி. உள்ளுக்குள்ளயே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறோம். எல்லா நாளும் நடக்காது. பாதி நாள் நடக்குது" என்றீர்கள். மீதிப் பாதி நாளை நினைத்துத்தான் அவர் இந்த மடலைச் சட்டம் போடச் சொன்னார். கண் விழித்ததும் தெரிகிற சுவரில் மாட்டித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். ஆணி நிற்குமா என்று அவருக்கு இப்போதே சந்தேகம்.

உடல் நலத்தோடும் உள அமைதியோடும், உங்களுக்குள் இருக்கும் அனைவரும் நெடுநாள் இனிது வாழ்க என்று நெஞ்சார வாழ்த்துகிறோம்.

இனி வரும் வரிகள், இன்று இந்த நாற்காலியில் அமர்ந்திராத, நாளையோ மறுநாளோ கண் விழித்து இந்தச் சுவரைப் பார்க்கப்போகிற உங்களுக்கு. இது யாருக்கு வந்த மடல், என்ன காரியம் ஆக வேண்டுமென்று புகழ்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். தாராளமாகச் சந்தேகப்படுங்கள். ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைக்கிறோம்: வேலை முடிந்தது. டிரம் எல்லாம் காலி. பாதியில் எதுவும் நிற்கவில்லை. நீங்கள் இல்லாத நேரத்தில் இங்கே ஒரு விழா நடந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். அது உங்களுக்கும்தான்.

இங்ஙனம்,
சலவைக்கூடத்துப் பணியாளர்கள்