வடக்கே திரும்பிய காற்றும் வாய்விட்டு மாட்டிய நானும்

அறிவால் இந்த அவையை ஆளும் தலைவர் அவர்களே, பொறுமையின் உருவாய் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, என் பேச்சு நீண்டால் இருமிக் காட்டி என்னைக் காப்பாற்றப்போகும் தாய்மார்களே, வணக்கம்!

துருவத்துக்குப் பக்கமான இந்தக் குளிர்நாட்டில், விண்வெளி வானிலை நிலையத்தில் சூரியனை வேவு பார்ப்பது என் வேலை. கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் நடப்பதைக் கண்டவன். அடுப்பில் பால் பொங்குவதைக் காணாதவன்! சிரிக்காதீர்கள், என் மனைவியும் இங்கேதான் இருக்கிறார்.

என் மாமியாருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. மருத்துவர் கைவிரித்துவிட்டார். ஒருநாள் மாமியார் கேட்டார்: "வானத்துல அப்படி என்னதான் பாக்குறீங்க மாப்பிள்ளை? கண்ணு போறதுக்குள்ள எனக்கும் ஒருதடவை காட்டுங்களேன்."

சூரியன் சீறியது. அது வீசும் துகள்களில், அதாவது சூரியக் காற்றில், புயல் கிளம்பியது. சும்மா இருந்தேனா? வானொலியில் முழங்கினேன்: "நாளை மாலை துருவ ஒளி! வானம் பச்சைப் பட்டு உடுத்தும்!" ஊரே மைதானத்தில் திரண்டது, நடுவில் நாற்காலி போட்டு மாமியார். ஒளி வந்ததா? கொட்டாவிதான் வந்தது!

ஏன்? புயல் சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கினால் பூமியின் காந்தக் கவசம் வழிவிடும்; துகள்கள் புகுந்து வானில் ஒளி எழுப்பும். வடக்கு நோக்கினால் வாசலிலேயே நிறுத்திவிடும். என் புயல் வடக்கு நோக்கியது. எனக்குப் 'பச்சைப் புளுகர்' என்று பெயர் வந்தது. அதோ, பின்வரிசையில் ஒருவர் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார். நன்றி ஐயா!

மறுநாள் மாலை, முகம் காட்ட வெட்கப்பட்டுச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நிலையத்திலிருந்து அழைப்பு: "சார், புயலோட வால்பகுதி தெற்கே திரும்பிடுச்சு!"

பாய்ந்தேன்! நாற்காலியைத் தூக்கினேன்! மொட்டைமாடிக்கு ஓடினேன்! கீழிருந்து மனைவியின் குரல்: "நாற்காலி போயிடுச்சு, சரி. அம்மாவை யாரு கொண்டுவர்றது?"

கைத்தாங்கலாய் அழைத்துவந்தோம். வடவானில் பச்சை எழுந்தது, நெளிந்தது, நடனமாடியது. சூரியத் துகள் மோதி ஆக்சிஜன் பச்சையாய் ஒளிர்வதை விளக்க வாயெடுத்தேன்.

"கொஞ்சம் பேசாம இருங்க மாப்பிள்ளை," என்றார். பச்சை நெளியும் பக்கம் முகத்தைத் திருப்பி, "ஓரமெல்லாம் கலங்கலாத்தான் இருக்கு. ஆனா அசையுது. பச்சையா அசையுது," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வெங்காயம் நறுக்கிய கண்கள் என்று சொல்லித் தப்பித்தேன்.

அவையோரே, வானத்தைக் கணிக்கிறவன் தோற்பான். தோற்றாலும் தோற்றாலும் மறுநாளும் கணிக்க வேண்டும்! ஏனெனில் எங்கோ ஒருவர் கண்ணில் வெளிச்சம் இருக்கும்போதே காட்டிவிட வேண்டியது ஒன்று இருக்கிறது.

பொறுத்தருளிய உங்கள் செவிகளுக்கு நன்றி. உங்கள் வானமெல்லாம் ஒளிரட்டும், வணக்கம்!