கல்லுக்குப் போட்ட விபூதிப் பட்டை

என் பெயர் சுந்தரராஜன், த/பெ கிருஷ்ணமூர்த்தி, வயது முப்பத்தெட்டு. சொந்த ஊர் கும்பகோணம். தற்போது முனிச்சை அடுத்த கார்ஹிங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து, அங்கேயே வாடகை அறையில் குடியிருக்கிறேன். எனக்கு ஜெர்மன் தெரியும். இருந்தும் வாக்குமூலத்தைத் தாய்மொழியில்தான் சொல்ல வேண்டும் என்று போலீஸ் அதிகாரி பிடிவாதமாகச் சொன்னதால், மொழிபெயர்ப்பாளர் திருமதி கிரிஜா எழுதிக்கொள்ளத் தமிழில் சொல்கிறேன்.

1968 முதல் வருஷந்தோறும், விபத்து நடந்த இந்த மலையில் ஏறி, எதிரே உள்ள பனிப்பரப்பை ஒரே இடத்தில் நின்று படம் எடுத்துவருகிறேன். பனி கூடுகிறதா குறைகிறதா என்பது படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நிற்கும் இடம் ஒரு சாண் நகர்ந்தாலும் உழைப்பு வீண். அதற்காகப் பள்ளத்தின் ஓரத்தில் கிடந்த ஒரு தட்டைக் கல்லின்மேல்தான் எப்போதும் காமிராவை வைப்பேன். அந்தக் கல்லில் நான் எந்தக் குறியும் போட்டதில்லை.

போன வருஷம் ஆயுத பூஜையன்று என்னோடு மலைக்கு வந்த பாலச்சந்திரன் என்ற ஆராய்ச்சி மாணவர், காமிராவுக்குச் சந்தனம் குங்குமம் இட்டார். அதன் பிறகு கல்லுக்கும் விபூதிப் பட்டை போட்டு நடுவில் குங்குமம் வைத்தார். எதற்கு இது என்று கேட்டேன்.

"கல்லும் நம்ம கருவிதானே சார், வருஷா வருஷம் அதுவும் வேலை செய்யுதே" என்றார்.

மழையில் கரைந்துவிடும் என்று விட்டுவிட்டேன். கரைந்தும் போனது. அதன் பிறகு இந்த வருஷம் நான் காய்ச்சலில் கிடந்தபோது, கல்லைச் சுத்தம் செய்யத் தனியே போன பாலச்சந்திரன், இனிக் கரையக் கூடாது என்று அதே பட்டையையும் பொட்டையும் பெயிண்டில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். இதை அவரே இங்கு வந்து சொல்லிவிட்டார். இந்த மலையில் நடப்பவர்களுக்கு வழி காட்டப் பாறைகளில் தீட்டுவதும் வெள்ளையும் சிவப்பும்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அதன் பிறகு ஹூபர் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் மூடுபனியில் அந்தக் குறியைக் கண்டு, பாதை அப்படித்தான் போகிறது என்று நம்பி நடந்து, பள்ளத்தில் சறுக்கிக் காலை ஒடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். குறி மிக நேர்த்தியாக இருந்தது என்று அவர் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது.

அது என் மதக் குறியா என்று அதிகாரி கேட்டார். எங்கள் வீட்டில் நாமம் போடுவோம், பட்டை போடுவதில்லை என்றேன். அதை எழுத வேண்டாம் என்றார். எழுதச் சொன்னேன்.

ஹூபரைத் தூக்கி வந்த மீட்புக்காரர்கள், இன்னொருவர் ஏமாறக் கூடாது என்று அந்தக் கல்லைப் பள்ளத்தில் உருட்டிவிட்டார்கள். நல்லெண்ணத்தில் செய்தது, குறை சொல்ல முடியவில்லை, ஆனால் வயிறு எரிகிறது. இப்போது அதிகாரி விபத்து வரைபடம் போட, கல் இருந்த இடத்தைச் சரியாகக் காட்டச் சொல்கிறார். நேற்று அவரோடு ஏறித் தேடினேன். எல்லாப் பாறைகளும் ஒன்றுபோல் இருந்தன. என் பழைய படங்களைக் கையில் வைத்துப் பார்த்தால் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்றேன். அவை சாட்சிப் பொருள், வழக்கு முடியும்வரை வெளியே தர முடியாது என்றார். இடம் தெரியாமல் வழக்கு முடியாது என்றும் அவரே சொன்னார்.

இதுவரை சொன்னது முழுவதும் நடந்தது நடந்தபடியே. திருமதி கிரிஜா படித்துக் காட்டக் கேட்டு, சரி என்று கையெழுத்திடுகிறேன். படிவத்தில் கல் இருந்த இடம் என்ற கட்டத்தை மட்டும் நிரப்பவில்லை.

(ஒப்பம்) கி. சுந்தரராஜன்
செப்டம்பர் 1976