மூன்று முறை பூட்டியிருந்த கதவு

20.08.2008 புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் காவல் உதவி ஆய்வாளர் திரு. அருள்நாதன் விசாரித்தபோது நான் சொல்லச் சொல்ல நிலைய எழுத்தர் எழுதிக்கொண்டது.

என் பெயர் செங்கொடி. வயது 27. தகப்பனார் பெயர் பகலவன், காலமாகிவிட்டார். வியாசர்பாடி குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் தரைத்தளத்தில் என் தாயார் கெங்கம்மாவுடன் குடியிருந்து வருகிறேன். பி.காம். படித்துவிட்டு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறேன். அங்க அடையாளம் கேட்டார்கள். இரண்டு வயதில் போலியோ வந்ததால் என் இடது கால் வலது காலைவிட நாலரை சென்டிமீட்டர் குட்டை. அதற்கு மேல் மச்சம், தழும்பு என்று தேட வேண்டியதில்லை.

இன்று காலை பதினோரு மணியளவில் தண்டையார்பேட்டையில் உள்ள கூரியர் ஆபீஸின் ஷட்டரை இழுத்துப் பூட்டி, கிளை மேனேஜர் கோதண்டம் என்பவரையும் பார்சல் கொண்டுபோகும் எத்திராஜ் என்பவரையும் நாற்பது நிமிடம் உள்ளே அடைத்து வைத்தேன் என்று என் மேல் புகார். அது உண்மை. ஏன் பூட்டினேன் என்பதை முதலில் இருந்து சொல்கிறேன்.

நான் இடது காலுக்கு அடி உயர்த்திய ஷூ போட்டுத்தான் நடப்பேன். பழைய ஷூவின் அடிப்பாகம் கடந்த ஜூன் மாதம் இரண்டாகப் பிளந்துவிட்டது. அதே மாதத்தில் எண்ணூர் நெடுஞ்சாலையில் உள்ள கன்டெய்னர் யார்டு ஒன்றில் கேட் பாஸ் எழுதும் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். பி.எஃப். பிடிக்கும் வேலை. ஆகஸ்ட் 11-ம் தேதி டாக்டர் முன்னால் நடந்து காட்ட வேண்டும், இரும்புப் படியேறி கேபினுக்குப் போய்க் காட்ட வேண்டும் என்று கடிதம் வந்தது. அதன் பிறகு நான் எங்கள் தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஷம்ஷாத் அக்காவிடம் போனேன். அக்கா தேடிப் பார்த்து, மும்பையில் ஒரு கம்பெனி இன்டர்நெட்டிலேயே அளவு வாங்கி, காலுக்கு ஏற்றபடி ஷூ செய்து அனுப்புவதைக் காட்டினார். என் தாயார் தரையில் சார்ட் பேப்பரை விரித்து என் இரண்டு பாதத்தையும் பென்சிலால் வரைந்தார். அக்கா அதை ஸ்கேன் செய்து அனுப்பினார். பணத்தை டிராஃப்டாக அனுப்பினேன். வேலைக்கு டெஸ்ட் இருக்கிறது, தேதி தாண்டினால் எனக்கு ஷூ வந்தும் பிரயோசனம் இல்லை என்று மெயிலில் எழுதினேன். ஜூலை 28-க்குள் கட்டாயம் வீட்டுக்கு வந்து சேரும் என்று பதில் மெயில் வந்தது. அதைப் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன், இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 28 வந்தது, ஷூ வரவில்லை. அக்கா கம்ப்யூட்டரில் பார்சல் நம்பரைப் போட்டுப் பார்த்தபோது, "கதவு பூட்டியிருக்கிறது, ஆள் இல்லை" என்று இங்கிலீஷில் இருந்தது. 30-ம் தேதியும் அதையேதான் போட்டிருந்தார்கள். ஆகஸ்ட் 2-ம் தேதியும் அப்படியே. படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் எங்கள் வீட்டுக்குக் கதவே கிடையாது. 2005-ம் வருஷ மழையில் இடுப்பளவு தண்ணீர் நின்று கதவு ஊறி உப்பிவிட்டது. இழைத்துக் கொண்டுவருகிறேன் என்று எடுத்துப்போன ஆசாரி இன்னும் இழைத்துக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து என் தாயாரின் பழைய புடவைதான் கதவு. அந்த வாசலில் உட்கார்ந்துதான் அவர் காலையில் ஆப்பம் சுட்டு விற்கிறார், பகல் முழுக்க அங்கேயே காற்று வாங்குகிறார். புடவையை யாரும் பூட்ட முடியாது.

அதன் பிறகு ஆகஸ்ட் 4-ம் தேதி நான் மேற்படி கூரியர் ஆபீஸுக்கு நேரில் போனேன். மேனேஜர் கோதண்டம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், "வூட்ல ஆள் இல்லன்னா நாங்க இன்னாமா பண்றது? மூணு வாட்டி வந்தாச்சு. பார்சல் பாம்பேக்கு ரிட்டன் பூடுச்சு" என்றார். நான் 6-ம் தேதியும் 8-ம் தேதியும் போனேன். இரண்டு தடவையும் அதையே சொன்னார். மும்பை கம்பெனிக்கு எழுதினேன். இது உங்கள் காலுக்கென்றே செய்தது, ரத்து செய்யவோ பணத்தைத் திருப்பித் தரவோ முடியாது, வீட்டில் இல்லாதது உங்கள் தவறு, மறுபடி வேண்டுமானால் மறுபடி பணம் கட்டுங்கள் என்று எழுதினார்கள். வீட்டில் இருந்ததை நான் எப்படி நிரூபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 11-ம் தேதி செருப்பின் அடியில் டயர் துண்டு இரண்டை வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு டெஸ்ட்டுக்குப் போனேன். கேட்டில் இருந்து எடைமேடை வரை நடந்துவிட்டேன். இரும்புப் படியில் ஏழாவது படியில் டயர் வழுக்கி, கைப்பிடியில் தாடை இடித்து உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் என்னைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அதன் பிறகு பாரத்தில் தகுதி இல்லை என்று எழுதினார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார்.

அதன் பிறகு ஷம்ஷாத் அக்கா என்னை ராயபுரம் கல்மண்டபம் பக்கம் உள்ள ஒரு நுகர்வோர் சங்கத்துக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்த அம்மா நான் கொண்டுபோன மெயிலைப் படித்துவிட்டு, அளவு கொடுத்துச் செய்த பொருளை மனசு மாறித் திருப்பித் தரத்தான் முடியாது, ஆனால் இன்ன தேதிக்கு வேண்டும் என்று நான் சொல்லி, அவர்களும் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு அந்தத் தேதிக்கு வரவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு, பணமும் நஷ்டஈடும் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று சொன்னார். வழக்குப் போட, பார்சல் திரும்பிப் போய்விட்டது என்று கூரியர் ஆபீஸில் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார். அந்தக் கடிதத்துக்காகத்தான் இன்று காலை அங்கே போனேன். பூட்டுவதற்காகப் போகவில்லை.

கோதண்டம் முதலில் முடியாது என்றார். அதன் பிறகு என்னையே எழுதச் சொன்னார், கையெழுத்து மட்டும் போடுவதாகச் சொன்னார். நான் அவர் மேசையில் வைத்து எழுதிக்கொண்டிருக்கும்போது பேனா கீழே விழுந்தது. எனக்குக் குனிய வராது, தரையில் உட்கார்ந்துதான் எதையும் எடுப்பேன். உட்கார்ந்தேன். மேசையின் நாலு காலில் ஒன்று மற்றதைவிடக் குட்டையாக இருந்தது. அதன் அடியில் ஒரு அட்டைப் பெட்டியைக் கொடுத்திருந்தார்கள். பெட்டியின் மேல் செங்கொடி, வியாசர்பாடி என்று எழுதியிருந்தது. பக்கத்தில் இடது, 45 மி.மீ. என்று இருந்தது.

 படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தேன். வேறு செங்கொடியாக இருக்கக்கூடாதா என்று பார்த்தேன். பார்சல் வந்த தேதி ஜூலை 26 என்று முத்திரை இருந்தது. நான் மூன்று தடவை வந்து நின்று கெஞ்சிய மேசை அது. என் காலுக்கும் அந்தப் பெட்டிக்கும் ஒரு முழம்கூட இருந்திருக்காது.  அப்படியே உட்கார்ந்தபடி, இது என்ன என்று கேட்டேன். கோதண்டம் குனிந்து பார்த்துவிட்டு, "டேபிள் ஆடிகினே இருந்துச்சும்மா. அது கெட்டியா இருந்துச்சு, அதான்" என்றார். ரிட்டன் அனுப்ப மறந்துவிட்டதாகவும் சொன்னார்.

எத்திராஜைப் பார்த்து, எங்கள் வீட்டுக்கு ஒரு நாளாவது வந்தீர்களா என்று கேட்டேன். அவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். கையில் இருந்த பார்சலைக் கீழே வைத்தார். அதன் பிறகு, "வியாசர்பாடி பிளாக்குன்னா எவன்மா உள்ள வருவான்? வண்டிய வெளிய வுட்டுட்டு வந்தா வண்டி இருக்குமா? அந்தப் பக்கத்துப் பார்சலுக்கு எல்லாம் பூட்டுன்னுதான் எழுதுவோம்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. மழைக்குக் குடை பிடிப்போம் என்பது மாதிரிதான் சொன்னார். அதைக் கேட்டதும்தான் எனக்குக் கோபம் வந்தது. "கதவே இல்லாத வூட்ல நானும் எங்கம்மாவும் மூணு வருசமா தூங்கினு கீறோம். ஒரு சொம்பு காணாப் போவல. உன் வண்டி மட்டும் காணாப் பூடுமா?" என்று கேட்டேன். இந்த வார்த்தைகளைச் சத்தமாகச் சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகு பெட்டியைப் பிடித்து இழுத்தேன். மேசை சாய்ந்து, டீ டம்ளரும் ரசீதுப் புத்தகங்களும் கீழே விழுந்தன. கம்ப்யூட்டரை நான் உடைக்கவில்லை, அதை எத்திராஜ் பிடித்துக்கொண்டார். நான் பெட்டியோடு வெளியே வந்தேன். ஷட்டர் கொக்கியில் பூட்டும் சாவியும் தொங்கின. இவர்கள் எழுதியது ஒரு நாளாவது நிஜமாகட்டும் என்று தோன்றியது. ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். பக்கத்துக் கடையில் ஒரு ரூபாய் போனில் நூறுக்கு நானே போட்டு, கதவு பூட்டியிருக்கிறது, ஆள் உள்ளே இருக்கிறார்கள், வந்து பாருங்கள் என்று சொல்லி விலாசமும் சொன்னேன். ஓடிப்போக நினைக்கவில்லை.

போலீசார் வரும்வரை கூரியர் ஆபீஸ் படியில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தேன். மேல் தோல் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அடிப்பாகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, இருபத்தைந்து நாள் மேசையைத் தாங்கியிருக்கிறது. போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. எழுந்து நின்றபோது இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் நின்றன. அப்போதுதான் அழுதேன். அதற்கு முன்னால் அழவில்லை. போலீசார் வந்ததும் சாவியைக் கொடுத்தேன். ஜீப்பில் ஏறச் சொன்னார்கள், நடந்தே வருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். பெண் காவலர் ஒருவர் என்னோடு நடந்து வந்தார்.

நிலையத்துக்கு வந்ததும் ஷூவைக் கழற்றச் சொல்லி, பெட்டியோடு வைத்து, கைப்பற்றியதாக மகஜர் எழுதினார்கள். வழக்குச் சொத்து, கோர்ட்டு உத்தரவு இல்லாமல் தர முடியாது என்றார்கள். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். தேதி சொல்ல முடியாது என்றார்கள். ஆக, கூரியர் ஆபீஸில் இருந்து இந்த நிலையம் வரை அரை கிலோமீட்டர், அவ்வளவுதான் நான் அந்த ஷூவில் நடந்தது. டயர் செருப்பும் அங்கே படியிலேயே கிடக்கிறது. இப்போது வெறுங்காலில் இருக்கிறேன்.

என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. எழுத்தர் எழுதியதை நானே வாங்கிப் படித்துப் பார்த்தேன், சொன்னபடிதான் எழுதியிருக்கிறார், இதில் பொய் ஒன்றும் இல்லை. சம்மன் அனுப்புவதானால் மேற்படி விலாசத்துக்கே அனுப்பலாம். நான் வேலைக்குப் போயிருந்தாலும் என் தாயார் வாசலில் இருப்பார். கொண்டுவருகிறவர் கதவு பூட்டியிருந்தது என்று மட்டும் எழுத வேண்டாம்.

(ஒப்பம்) ப. செங்கொடி